பாட்டு யார் வீட்டுச் சொத்து? கரானா, பாணிப் பகைகள் பற்றி

கேள்வி இதுதான்: "ஹிந்துஸ்தானியில் கரானாக்கள் எனப்படும் பாட்டுப் பரம்பரைகளுக்கு இடையிலும் கர்நாடக இசையில் பாணிகளுக்கு இடையிலும் பாடகர்கள் பரம விரோதிகளாக இருந்ததாகக் கதை கதையாகச் சொல்கிறார்கள். உண்மையிலேயே அப்படி இருந்ததா? அது சங்கீதத்தில் இருந்த கருத்து வேறுபாடா, வெறும் பொறாமையா?"

இருந்தது. ஆனால் நீங்கள் கொடுத்திருக்கும் இரண்டு காரணங்களும் எனக்குப் போதவில்லை. ரசனை வேறுபாட்டுக்காக யாரும் மூன்று தலைமுறைக்குப் பகை பாராட்டுவதில்லை. பொறாமை எல்லாத் தொழிலிலும் உண்டு. அதற்குக் கரானா என்றொரு ஏற்பாடு தேவையில்லை. பழைய பாடகர்களின் சண்டைகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கிளறிப் பார்த்தால் அடியில் கிடப்பது பெரும்பாலும் சொத்துத் தகராறு. ராகம், உருப்படி (இயற்றி வைத்த பாட்டு), அதைப் பாடும் முறை, கற்றுக்கொள்ள வரும் சீடர், கேட்டுவிட்டுச் சோறு போடும் ராஜா, இவைதாம் அந்தச் சொத்து. இதை மனத்தில் வைத்துக்கொண்டால்தான், மிகக் கடுமையான பகைகள் எதிர் முகாமோடு வராமல் ஒரே குருவின் சீடர்களுக்கு இடையிலும், ஏன், கூடப் பிறந்தவர்களுக்கு இடையிலும் வந்தது ஏன் என்று விளங்கும்.

போட்டி என்றால் நமக்கு முதலில் சினிமாதான் நினைவுக்கு வருகிறது. 1952இல் வந்த 'பைஜூ பாவ்ரா' இந்திப் படத்தில் தான்சேனும் பைஜூவும் அக்பர் சபையில் நேருக்கு நேர் பாடுவார்கள். திரைக்குப் பின்னால் பாடியவர்கள் அமீர் கானும் டி.வி. பலுஸ்கரும். ஒருவர் ஜெயிப்பார், ஒருவர் தோற்பார், சபை சாட்சி. நம் பக்கத்துக் கதையில் இந்த மோதலே கிடையாது என்பதை யாரும் கவனிப்பதில்லை. திருவிளையாடற் புராணத்தின் விறகு விற்ற படலத்தில், வடநாட்டிலிருந்து வந்த ஏமநாதன் தங்கியிருக்கும் வீட்டுத் திண்ணையில் விறகாளாக வந்த சொக்கநாதர் சாதாரிப் பண் பாடுகிறார். உள்ளே இருப்பவன் அதைக் கேட்கிறான். பாணபத்திரன் வேண்டாம் என்று தள்ளிய ஆளே இப்படிப் பாடினால் பாணபத்திரன் எப்படிப் பாடுவான் என்று எண்ணி, இரவோடு இரவாக ஊரைவிட்டு ஓடுகிறான். சபை கூடவில்லை, தீர்ப்பு இல்லை. சுவருக்கு இந்தப் பக்கம் இருந்து கேட்டதிலேயே எல்லாம் முடிந்துவிட்டது. இசை உலகத்தின் நடைமுறைக்கு இந்தப் புராணம்தான் நெருக்கமானது என்பது என் எண்ணம்.

குவாலியர் கதையைப் பாருங்கள். கயால் என்ற, கற்பனைக்கு நிறைய இடம் தரும் பாட்டு வகையைப் பாடும் கரானாக்களுக்கெல்லாம் அதுதான் தாய்வீடு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் சிந்தியா அரசவையில் படே முகம்மது கான் என்றொரு வித்வான் இருந்தார். 'தான்' எனப்படும் வேகச் சுரக்கோவைகளைப் பொழிவதில் அவருக்கு நிகர் இல்லை என்று பெயர். அதே அவையில் நத்தன் பீர் பக்ஷ் என்ற முதியவரும், அவருடைய பேரப்பிள்ளைகள் ஹஸ்ஸு கான், ஹத்து கான் இருவரும் இருந்தார்கள். இரண்டு குடும்பங்களுக்கும் லக்னோவிலிருந்தே ஆகாது. படே முகம்மது கானின் தந்தை ஷக்கர் கான் காலத்துப் பகை அது. அந்தப் பகையால்தான் பீர் பக்ஷ் குடும்பம் குவாலியருக்குக் குடிபெயர்ந்தது என்பார்கள்.

பகையாளி வீட்டுப் பிள்ளைகளுக்குப் படே முகம்மது கான் வித்தை சொல்லித் தரமாட்டார். ராஜாவுக்கோ பிள்ளைகள் மீது பிரியம். அவர் செய்த ஏற்பாட்டில் இருவரும் திரைக்குப் பின்னால் உட்கார்ந்து மாதக்கணக்கில் கான் பாடுவதைக் கேட்டார்கள். கேட்டதை வீட்டில் சாதகம் செய்தார்கள். பிறகு ஒருநாள் ராஜா அவர்களைச் சபையில் பாடச் சொன்னார். தன் சரக்கு பிறர் தொண்டையிலிருந்து வருவதைக் கேட்ட கானுக்கு விஷயம் விளங்கிவிட்டது. அவர் கோபத்தைக் காட்டவில்லை. ஹஸ்ஸுவை வாயாரப் புகழ்ந்துவிட்டு, 'கடக் பிஜ்லி' என்ற தானை இன்னொரு முறை பாடும்படி கேட்டார். மின்னல் வெட்டுவதுபோன்ற அந்தத் தான், நெஞ்சுக்கூட்டின் முழு பலத்தையும் கேட்பது. ஹஸ்ஸு மறுபடியும் பாடினார். விலா எலும்பு முறிந்து வாயில் ரத்தம் வந்தது. பக்கத்தில் இருந்த பாட்டனார் தன் சால்வையால் ரத்தத்தைத் துடைத்துவிட்டு, சாகத்தான் போகிறாய் என்றால் தானை முடித்துவிட்டுச் சாகு என்றாராம்.

இது கரானாக்காரர்கள் வாய்வழியாகச் சொல்லிவரும் கதை. அப்படியே வரலாறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் கதை யாரைக் குற்றவாளி ஆக்குகிறது என்று பாருங்கள். குவாலியர் பக்கம் சொல்லும்போது படே முகம்மது கான் வஞ்சகர். அவர் வீட்டார் சொன்னால், திரைக்குப் பின்னால் ஒளிந்திருந்து குடும்பச் சொத்தைக் களவாடியவர்கள் பையன்கள். வழக்கு ராகத்தின் அழகைப் பற்றியதா? இல்லை. எனக்குச் சொந்தமானதை நீ எப்படிப் பாடலாம் என்பதுதான்.

களவு போன சொத்து எங்கெல்லாம் போனது என்பது இன்னும் சுவாரசியம். படே முகம்மது கானின் தான்கள் ஹத்து, ஹஸ்ஸு வழியாகக் குவாலியர் கரானாவின் அடையாளமாகவே ஆகிவிட்டன. அவருடைய மகன் முபாரக் அலி கான் ஜெய்ப்பூரில் பாடுவதைக் கேட்டு இளம் வயதில் சொக்கிப்போனவர் அல்லாதியா கான். பின்னாளில் ஜெய்ப்பூர் அத்ரௌலி கரானாவை உருவாக்கியவர். இன்னொரு பக்கம், குரல் கரகரத்ததால் 'கக்கே' என்று பட்டப்பெயர் வாங்கிய குதா பக்ஷ் என்ற ஆக்ராக்காரர் குவாலியர் வந்து நத்தன் பீர் பக்ஷிடம் கற்றுக்கொண்டு ஊர் திரும்பினார். துருபத் என்ற பழைய பாட்டு வகையைப் பாடிக்கொண்டிருந்த ஆக்ரா கரானாவுக்குள் கயால் நுழைந்தது அவர் வழியாகத்தான். குவாலியர், ஆக்ரா, ஜெய்ப்பூர் மூன்றும் பிற்காலத்தில் ஒன்றையொன்று இளக்காரம் பேசின. மூன்றின் வேரிலும் ஓர் இழையாவது அந்த இரண்டு பகையாளிக் குடும்பங்களில் ஒன்றிலிருந்து வந்தது.

சொத்து என்று நான் சொல்வது உவமை இல்லை. வடக்கே உஸ்தாத் குடும்பங்களில் பெண்ணைக் கட்டிக்கொடுக்கும்போது அபூர்வமான உருப்படிகளை மாப்பிள்ளைக்குச் சீதனமாகக் கொடுக்கும் வழக்கம் இருந்தது. கொடுத்துவிட்ட பாட்டைப் பிறந்த வீட்டார் பிறகு பாடக் கூடாது என்பதும் உண்டு. நமக்கு இது விசித்திரமாகப் படலாம். ஆனால் தஞ்சாவூரில் தோடி சீதாராமய்யர் கடனுக்குத் தோடி ராகத்தையே அடகு வைத்த கதை நம்முடையதுதானே? மீட்கும்வரை தோடி பாடுவதில்லை என்று அவர் வாக்குக் கொடுத்திருந்ததால், அரண்மனையில் பாடச் சொன்னபோது பாட முடியவில்லை. காரணத்தை விசாரித்த ராஜா பணத்தைக் கட்டி ராகத்தை மீட்டார் என்று கதை. ராகத்துக்கு ஈட்டு மதிப்பு இருந்தது. அதை ஒரு சாகுபடி நிலம்போல நினைத்தார்கள்.

நிலத்துக்கு வேலி வேண்டும். கரானாக்களில் அந்த வேலிதான் 'கண்டா' கட்டும் சடங்கு. குரு சீடனின் மணிக்கட்டில் கயிறு கட்டிய பிறகுதான் வீட்டு வித்தையின் கதவு திறக்கும். அதற்கு முன்னால் வருடக்கணக்கில் கற்றாலும் வெளியாள் வெளியாள்தான். அல்லாதியா கான் கிராமபோன் கம்பெனிகளுக்குப் பாட மறுத்துவிட்டார். 1946 வரை வாழ்ந்த, அந்தத் தலைமுறையின் மாபெரும் பாடகர்களில் ஒருவரின் இசைத்தட்டு ஒன்றுகூட இல்லை. கிரானா கரானாவின் அப்துல் வகீத் கானும் இப்படியே ஒதுங்கி இருந்தார். வானொலிக்காகப் பாடியதில் ஏதோ கொஞ்சம் தப்பிப் பிழைத்திருக்கிறது. இதைப் பழமைவாதம் என்று சிரிப்பது எளிது. தட்டு வெளியானால் யாருக்கும் சீடனாகாமல், கயிறு கட்டிக்கொள்ளாமல், ஊர் பேர் தெரியாதவன் அதைக் கேட்டுப் பாடிவிடுவான். திரைக்குப் பின்னால் ஒரு ஹஸ்ஸு கானுக்குப் பதில் ஆயிரம் ஹஸ்ஸு கான்கள்! அவர்கள் பயந்ததில் நியாயம் இருந்தது.

அதே அல்லாதியா கான் வீட்டுக்குள் நடந்ததுதான் இருபதாம் நூற்றாண்டின் மிகக் கசப்பான பகை. கேசர்பாய் கேர்கர், மொகுபாய் குர்டிகர் என்ற இரு பெண்கள். இருவரும் கோவாவில் பிறந்தவர்கள், இருவரும் பாடி ஆடிப் பிழைக்கும் கலாவந்த மரபில் வந்தவர்கள். கேசர்பாய் 1892இல் பிறந்தவர். அப்துல் கரீம் கானிடம் சில மாதங்கள், பிறகு வேறு பலரிடம் என்று அலைந்து கற்று, 1921இல் அல்லாதியா கானிடம் முறையாகச் சேர்ந்தார். அவரைவிடப் பன்னிரண்டு வயது இளையவர் மொகுபாய். நாடகக் கம்பெனியில் இருந்த பெண். சாங்க்லியில் அவர் சாதகம் செய்வதைத் தெருவில் போன அல்லாதியா கான் கேட்டுவிட்டு, தானாகவே உள்ளே வந்து சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தார். இங்கேயும் ஒரு சுவருக்கு அப்பாலிருந்து கேட்டதுதான் தொடக்கம்.

அல்லாதியா கான் பம்பாய்க்குப் போனதும் மொகுபாயும் பின்னாலேயே போனார். பாடம் கிடைக்கவில்லை. கேசர்பாய்க்குச் சொல்லிக்கொடுக்கும்வரை இன்னொருவருக்குச் சொல்லிக்கொடுப்பதில்லை என்ற ஏற்பாடு குறுக்கே நின்றது. மொகுபாய் ஆக்ரா கரானாக்காரர்களிடம் போய்க் கற்றார். பிறகு அல்லாதியா கானின் தம்பி ஹைதர் கான் சொல்லிக்கொடுத்தார். அதுவும் சில ஆண்டுகளில் நெருக்குதலால் நின்றுபோய், ஹைதர் கான் பம்பாயை விட்டே போக வேண்டியதாயிற்று. கடைசியில் 1934இல்தான் அல்லாதியா கான் மொகுபாய்க்குக் கண்டா கட்டினார். ஒரே வித்தைக்குப் பன்னிரண்டு ஆண்டுகள் வாசலில் காத்திருந்திருக்கிறார்.

கேசர்பாயை வில்லியாக்கிக் கதை சொல்பவர்கள் அதிகம். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. கணவன் வருமானம், குடும்பச் சொத்து என்று எதுவும் பின்னால் நிற்காத பெண். பணத்தைக் கொட்டிப் பத்து வருடத்துக்கு மேல் உழைத்து ஒரு வித்தையை வாங்குகிறார். அதே வித்தை அதே ஊரில், அதே சபைகளில் பாடும் இன்னொரு பெண்ணுக்கும் கிடைத்தால் விலை போய்விடும். ஆண் உஸ்தாதுகள் பாட்டைச் சீதனமாகக் கொடுத்தும் வேலி போட்டும் செய்ததையே அவர் செய்தார். கேசர்பாய் வானொலியில் பாடவில்லை. கொஞ்சம் தட்டுகள் கொடுத்த பிறகு ஒலிப்பதிவையும் விட்டுவிட்டார். வித்தையைக் கொடுத்தது தோண்டுதாய் குல்கர்னி என்ற ஒரே ஒரு சீடருக்கு. அப்படி எல்லாவற்றையும் பூட்டி வைத்தவரின் பைரவி ஒன்று, 'ஜாத் கஹாங் ஹோ', 1977இல் வாயேஜர் விண்கலங்களில் பொன்முலாம் பூசிய தட்டில் ஏறிச் சூரிய மண்டலத்தைத் தாண்டிப் போய்க்கொண்டிருக்கிறது. வாயேஜர் 1 கிளம்பிய பதினோராம் நாள் அவர் காலமானார்.

மொகுபாயின் மகள் கிஷோரி அமோன்கர். தாய் அவ்வளவு பாடுபட்டு வாங்கிய ஜெய்ப்பூர் பாணியை மகள் தன் இஷ்டத்துக்கு வளைத்தார். ஆலாபனையை நீட்டினார், தாளக் கட்டைத் தளர்த்தினார், கரானா என்ற கருத்தையே கேள்வி கேட்டார். ஜெய்ப்பூர் ரசிகர்களில் பழையவர்கள் அவரை மன்னிக்க நெடுங்காலம் ஆயிற்று.

இசை வேறுபாடே இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது, காதால் பிரித்துச் சொல்லிவிடலாம். ஆக்ராவில் குரல் மார்பிலிருந்து திறந்து வரும்; பாட்டுக்கு முன்னால் 'நோம் தோம்' என்று துருபத் முறையில் ஆலாபனை, பிறகு சாகித்தியச் சொற்களைத் தாளத்தோடு மோதவிட்டு விளையாடுவது. பயாஸ் கானைக் கேட்டால் போதும். கிரானாவில் சுரம்தான் தெய்வம். ஒவ்வொரு சுரமாக நின்று, தாளத்தை மறந்துவிட்டாரோ என்று தோன்றும் அளவுக்கு நிதானம். ஜெய்ப்பூரில் ராகங்களே சிக்கலானவை, அபூர்வமானவை, இரண்டு ராகங்களைப் பின்னியவை. ஒவ்வொரு மாத்திரைக்கும் சுரக்கோவை பொருந்தி உட்காரும். குவாலியர் எல்லோருக்கும் தெரிந்த ராகங்களை மத்திம காலத்தில் நேராகப் பாடும். இவர்கள் ஒருவரையொருவர் வைவதும் இதை வைத்துத்தான். கிரானாக்காரனுக்கு லயம் கிடையாது; ஆக்ராக்காரன் பாடுவதில்லை, கத்துகிறான்; ஜெய்ப்பூர்க்காரன் ராகத்தைக் காட்டுவதைவிடத் தன் கெட்டிக்காரத்தனத்தைக் காட்டுகிறான். வசவுகள் எல்லாம் கொஞ்சம் உண்மைதான். ஆனால் பல கரானாக்களிடம் கற்றவர்களை இந்த வசவு தடுத்ததே இல்லை. பாஸ்கர்புவா பக்லே (1869–1922) குவாலியரின் பைஸ் முகம்மது கான், ஆக்ராவின் நத்தன் கான், ஜெய்ப்பூரின் அல்லாதியா கான் மூவரிடமும் கற்றவர். யாரும் அவரைத் துரோகி என்று சொல்லவில்லை. மூன்று வீட்டிலும் முறைப்படி கேட்டு வாங்கினார் அல்லவா!

இனித் தெற்கு. இங்கே கரானா உருவாகவில்லை. வடக்கே இசையின் பெரும்பகுதி பாடகரின் கற்பனையில் இருந்தது. அதனால் கற்பனை செய்யும் முறையே குடும்பச் சொத்தாயிற்று. இங்கே கீர்த்தனை நடுநாயகமாக இருந்தது. தியாகராஜர் கீர்த்தனையை யார் வேண்டுமானாலும் பாடலாம். ஆகவே தகராறு பாடாந்தரத்துக்கு, அதாவது குரு வழியாக வந்த பாட வடிவத்துக்கு நகர்ந்தது: எந்தச் சங்கதி (ஒரே வரியை மாற்றி மாற்றி மெருகேற்றிப் பாடும் வடிவம்) அசல், எது பிறகு சேர்த்தது, உன் குரு யாரிடம் பாடம் கேட்டார்? வாலாஜாபேட்டை, உமையாள்புரம், தில்லைஸ்தானம் என்று தியாகராஜரின் சீட பரம்பரைகள் மூன்று இருந்தன. ஒரே கீர்த்தனைக்கு மூன்று முகங்கள்.

அரசவைப் போட்டி தெற்கிலும் இருந்தது. எல்லோருக்கும் தெரிந்தது பொப்பிலி கேசவய்யா கதை. தானம், தாளம் என்று ஊர் ஊராக வித்வான்களை வென்று பிருதுகள் வாங்கிவந்தவர் தஞ்சாவூருக்கு வந்து சவால் விட்டார். சியாமா சாஸ்திரிகள் பங்காரு காமாட்சி சந்நிதியில் சிந்தாமணி ராகத்தில் 'தேவி ப்ரோவ சமயமிதே', காப்பாற்ற இதுதான் சமயம் என்று பாடிவிட்டுப் போனார். கேசவய்யா 128 அட்சரம் (தாள எண்ணிக்கை) கொண்ட சிம்மநந்தன தாளத்தில் பாட, சாஸ்திரிகள் 79 அட்சர சரபநந்தன தாளத்தில் பதில் சொல்லி வென்றார். சிம்மத்தைச் சரபம் (சிங்கத்தையே வெல்லும் புராண விலங்கு) அடித்தது என்று பெயரிலேயே கதை அமைந்துவிட்டது. இவ்வளவு கச்சிதமாகப் பொருந்தும் கதைகள்மேல் எனக்குச் சந்தேகம் உண்டு.

இதே கேசவய்யா உ.வே. சாமிநாதையர் எழுதிய கனம் கிருஷ்ணையர் வரலாற்றிலும் வருகிறார். அங்கே ஆள் வேறு. கனம், நயம், தேசிகம் என்ற மார்க்கங்களில் உடல் வலிமை மிகவும் வேண்டிய கன மார்க்கத்தைக் கேசவய்யா தஞ்சை அரண்மனையில் பாடிக் காட்டுகிறார். நம் வித்வான்களில் யாராவது இதைக் கற்றுக்கொள்ள முடியுமா என்று அரசர் கேட்கிறார். கிருஷ்ணையர் முன்வந்து, அவரிடமே கற்று, அந்த மார்க்கத்தின் பெயரையே தன் பெயரோடு சேர்த்துக்கொள்கிறார். ஒரு கதையில் விரட்டப்பட்டவர் இன்னொரு கதையில் குரு! கேசவய்யா ஆயுதமாகக் கொண்டுவந்த சிம்மநந்தன தாளத்தையும் தெற்கு விட்டுவிடவில்லை. மகா வைத்தியநாதையர் அதில் கானடாவில் 'கௌரி நாயக' என்ற தில்லானாவைச் செய்தார். இன்றும் அதைப் பாடுகிறார்கள்.

சீட பரம்பரைச் சண்டையின் உச்சம் திருவையாற்றில் நடந்தது. தியாகராஜ ஆராதனையை நடத்திவந்த தில்லைஸ்தானம் நரசிம்ம பாகவதரும் பஞ்சு பாகவதரும் அண்ணன் தம்பிகள். ஒரே குருவிடம் கற்றவர்கள். இருவரும் பிரிந்தார்கள். பெரிய கட்சி, சின்னக் கட்சி என்று ஒரே சமாதிக்கு இரண்டு ஆராதனைகள். அரசியல் கட்சிகளே தோற்றுப்போகும் அளவுக்கு வித்வான்கள் அணி பிரிந்து நின்றார்கள். இரண்டு கட்சிகளும் ஒத்துப்போன ஒரே விஷயம், பெண்கள் பாடக் கூடாது என்பது. பெங்களூர் நாகரத்தினம்மாள் சொந்தப் பணத்தைப் போட்டுச் சமாதியைக் கோயிலாக எழுப்பியவர். அவருக்கே அங்கே பாட இடமில்லை. 1927இல் அவர் பெண்களைச் சேர்த்து மூன்றாவதாக ஓர் ஆராதனையைத் தொடங்கினார். 1940இல்தான் எல்லாம் ஒன்றாயின. ஒன்றான பிறகு பஞ்சரத்தினக் கீர்த்தனைகளைக் கூட்டமாகச் சேர்ந்து பாடும் வழக்கம் வந்தது. கூட்டமாகப் பாட வேண்டுமானால் ஒரே பாடம் வேண்டும். பரம்பரை பரம்பரையாக 'எங்கள் சங்கதி' என்று காத்ததை அந்தப் பந்தலுக்குள் விட்டுக்கொடுத்தார்கள்.

பாடாந்தரத்தைச் சொத்தாகக் காத்ததில் தெற்கில் வீணை தனம்மாள் (1867–1938) குடும்பத்துக்கு ஈடில்லை. பதங்களும் ஜாவளிகளும் அங்கே இருந்தன. பேத்தி டி. பிருந்தாவிடம் பாடம் கேட்டுப் போனவர்களில் எம்.எஸ். சுப்புலட்சுமியும் ஒருவர். அந்தக் குடும்பம் எல்லோருக்கும் கொட்டிக் கொடுக்கவில்லை என்று குறைப்படுபவர்கள் உண்டு. இசை வேளாளர் மரபில் வந்த அந்தப் பெண்களுக்குப் பாட்டைத் தவிர ஊர் எதை விட்டுவைத்தது? தேவதாசி ஒழிப்பு ஒரு பக்கம், புதிய சபாக்களில் அந்தணர் ஆதிக்கம் ஒரு பக்கம். பாணிச் சண்டை என்று நாம் பேசும் பலவற்றில் சாதியும் இருக்கிறது. அதைச் சொல்லாமல் மேலே போவது நேர்மையாகாது.

சபா வந்ததும் போட்டியின் நாணயம் மாறியது. 1928இல் மியூசிக் அகாடமி தொடங்கியபோது ராஜாவின் இடத்தில் டிக்கெட் வாங்கிய ரசிகர் உட்கார்ந்தார். காஞ்சிபுரம் நாயனாப் பிள்ளை (1889–1934) 'புல் பெஞ்ச்' என்று மிருதங்கம், கஞ்சிரா, கடம், மோர்சிங், கொன்னக்கோல் என்று லயக் கூட்டத்தையே பக்கத்தில் வைத்துக்கொண்டு, பல்லவியில் அத்தனை பேரையும் கணக்கில் மடக்குவார். அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் (1890–1967) அந்தப் பக்கமே போகவில்லை. வர்ணத்தில் தொடங்கி விறுவிறுப்பான கீர்த்தனைகள், அளவான ஆலாபனை, நடுவில் பல்லவி, கடைசியில் துக்கடா எனப்படும் சின்னப் பாட்டுகள் என்று ஒரு வரிசையை நிலைப்படுத்தினார். கணக்குத் தெரியாதவரும் அலுக்காமல் மூன்று மணி நேரம் உட்காரலாம். யார் பெரியவர் என்று அந்தக் காலத்து ரசிகர்கள் அடித்துக்கொண்டார்கள். இன்று மேடையில் ஏறும் ஏறக்குறைய எல்லோரும் அரியக்குடி வரிசையில்தான் பாடுகிறார்கள் என்பதை வைத்துத் தீர்ப்பு சொல்லலாம்தான். நாயனாப் பிள்ளையின் லயம் செத்துப்போகவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். சித்தூர் சுப்பிரமணிய பிள்ளை, பிருந்தா, முக்தா அவரிடம் கற்றவர்கள். அவருடைய கச்சேரிகளில் மயங்கிய சிறுமி டி.கே. பட்டம்மாள், பெண்கள் தொடாத பல்லவியைத் தொட்டுப் பாடிப் 'பல்லவி பட்டம்மாள்' ஆனார்.

அடுத்த தலைமுறையில் ஜி.என்.பி. (ஜி.என். பாலசுப்பிரமணியம்), செம்மங்குடி சீனிவாச ஐயர் என்று இரண்டு முகாம்கள். ஒருவர் மூன்று ஸ்தாயியிலும் புரளும் குரலோடு பிருகா எனப்படும் வேகச் சுரக்கோவைகளைப் பொழிபவர். இன்னொருவர் ஒத்துழைக்காத குரலைச் சாதகத்தால் பணியவைத்து, கமகத்தை (சுரத்தின் அசைவை) அழுத்தி அழுத்திப் பிழிபவர். இருவருமே நாகஸ்வரத்திலிருந்து எடுத்தவர்கள் என்பதுதான் வேடிக்கை. ஒரே கிணற்றில் ஒருவர் வேகத்தை இறைத்தார், ஒருவர் அழுத்தத்தை இறைத்தார். இந்தக் காலத்துச் சண்டையைப் பெரும்பாலும் போட்டது ரசிகர்கள்தான் என்பேன். சபா முறையில் வித்வானுக்கு நஷ்டம் குறைவு. எதிரி பாடினாலும் மறுநாள் இவருக்கும் கச்சேரி உண்டு. ராஜாவின் ஒற்றை ஆஸ்தானப் பதவிக்கு இருவர் மோதுவது வேறு.

ஒரு முகாமுக்குள்ளும் அடங்காதவர் ஒருவரைச் சொல்லாமல் விட முடியாது. கிரானா கரானாவின் அப்துல் கரீம் கான், மைசூர் அரசவைக்கு வந்து போனதில் கர்நாடக சங்கீதத்தைக் காது கொடுத்துக் கேட்டவர். தியாகராஜரின் கரகரப்பிரியா கீர்த்தனை 'ராம நீ சமானமெவரு'வைத் தட்டில் பாடி வைத்தார். சுரம் போடும் பழக்கத்தைத் தெற்கிலிருந்து எடுத்துக்கொண்டார். ஆக்ரா, ஜெய்ப்பூர்க்காரர்கள் இதையெல்லாம் ஏற்கவில்லை; அவர் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. 1937 அக்டோபரில் சென்னையிலிருந்து புதுச்சேரிக்கு ரயிலில் போகும்போது உடல்நிலை மோசமாகி, செங்கல்பட்டுக்கு முந்திய சிங்கப்பெருமாள் கோயில் ரயில் நிலையத்தில் இறங்கினார். அங்கேயே உயிர் பிரிந்தது.

வேலிகள் எப்படி விழுந்தன என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1904இல் எட்டயபுரத்தில் சுப்பராம தீட்சிதர் தன் குடும்பப் பொக்கிஷத்தைச் 'சங்கீத சம்பிரதாயப் பிரதர்சினி' என்று சுரக்குறிப்போடு அச்சிட்டார். அதே ஆண்டு அவரைப் பார்க்க வந்த இசை ஆய்வாளர் பாத்கண்டே, வடக்கே உஸ்தாதுகளின் வீடு வீடாக ஏறி இறங்கிச் சேகரித்த உருப்படிகளைப் பிற்பாடு ஆறு தொகுதிகளாக வெளியிட்டார். உஸ்தாதுகள் சிலருக்கு அது பகல் கொள்ளை. பிறகு சமஸ்தானங்கள் ஒழிந்தன, வானொலி முதலாளியானது. 1952க்குப் பிறகு ஆகாசவாணி பாடகர்களுக்குக் குரல் தேர்வு வைத்தபோது, ரத்தன்ஜன்கர் தலைமையிலான தேர்வுக் குழு முன்னால் போய்ப் பாடுவதா என்று கலைஞர்கள் கொதித்தார்கள். ரத்தன்ஜன்கர் பாத்கண்டேயின் மாணவர், ஆக்ராவின் பயாஸ் கானிடமும் கற்றவர். ஒரு வீட்டுக்காரர் எல்லா வீட்டாருக்கும் மதிப்பெண் போடுவதா என்ற எரிச்சல் அதில் இல்லாமல் இருந்திருக்காது. குறுந்தகடும் இணையமும் வந்த பிறகு காவல் காக்க ஒன்றும் மிச்சமில்லை. இன்றைய இளம் பாடகர் காலையில் அமீர் கானையும் மாலையில் மல்லிகார்ஜுன் மன்சூரையும் கேட்டு வளர்கிறார். கண்டா கட்டினால் அது மரியாதைக்கு.

நீங்களே கேட்டுப் பார்க்க ஒரு வழி சொல்கிறேன். அப்துல் கரீம் கானின் 'ஜமுனா கே தீர்', கேசர்பாயின் 'ஜாத் கஹாங் ஹோ' இரண்டும் பைரவி, இரண்டும் பழைய தட்டின் மூன்று மூன்றரை நிமிடத்துக்குள் அடங்கியவை. ஒன்றன்பின் ஒன்றாகப் போடுங்கள். கரீம் கான் ஒரு சுரத்தில் போய் நிற்கும்போது தாளம் எங்கே இருக்கிறது, கேசர்பாய் மூச்சை எங்கே முடிக்கிறார் என்று மட்டும் கவனியுங்கள். தெற்குக்கு, கரகரப்பிரியாவில் 'சக்கனி ராஜ'. முதலில் செம்மங்குடி, பிறகு மதுரை மணி ஐயர். இருவரும் 'கண்டிகி சுந்தர' என்ற வரிக்கு வரட்டும். அதற்குள் உங்களுக்கு எந்தக் கட்சி என்று தெரிந்துவிடும். தெரியாவிட்டால் இரண்டையும் இன்னொரு முறை போடுங்கள்.